ராக் லைவ் ஆல்பங்களில் எது உச்சம்? பெயர் மட்டும் போதாது, இடத்தையும் காட்டுங்கள்

ஊசிமுனை:

"தலைசிறந்த லைவ் ஆல்பங்கள்" பட்டியல்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பெயர்கள் மாறுவதில்லை, வரிசைதான் மாறுகிறது. ஏன் சிறந்தது என்று கேட்டால் "அரங்கமே அதிர்ந்தது" என்று ஒரு வரி. இங்கே அது வேண்டாம். ஒரு ஆல்பம், அதில் ஒரு பாட்டு, அந்தப் பாட்டில் ஒரு இடம். அங்கே என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். ஆல்மன் பிரதர்ஸின் 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்'. 1971 மார்ச்சில் நியூயார்க்கிலுள்ள அந்த அரங்கத்தில் பதிவானது, ஜூலையில் இரட்டைத் தட்டாக வந்தது. இரண்டு தட்டுக்கும் சேர்த்து ஏழே பாட்டு. 'விப்பிங் போஸ்ட்' அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ஐந்து நிமிடச் சொச்சம். இங்கே ஒரு பக்கம் முழுக்க அதுதான், சுமார் 23 நிமிடம்.

நான் காட்டும் இடம் அதுவல்ல. 'யூ டோன்ட் லவ் மீ' பாட்டின் நடுவில் மொத்த குழுவும் ஒதுங்கிக்கொள்ள, ட்வேன் ஆல்மனின் கிட்டார் மட்டும் தனியாக நிற்கும். தாளம் இல்லை, பாஸ் கிட்டார் இல்லை. அவர் ஒரு வாக்கியம் வாசிக்கிறார், நிறுத்துகிறார், யோசிக்கிறார், அடுத்ததற்குப் போகிறார். அந்த இடைவெளிகளில் மற்ற ஐந்து பேரும் அவரைக் கவனித்துக்கொண்டிருப்பது தெரிகிறது, ஏனென்றால் திரும்ப நுழையும்போது ஒருவர்கூடத் தடுமாறவில்லை. முடிவில் 'ஜாய் டு த வேர்ல்ட்' மெட்டைத் தொட்டுவிட்டு இறங்குகிறார்.

என் அளவுகோல் இதுதான்: ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு, தன் வாசிப்பை அப்போதே மாற்றுவது நமக்குக் காதில் விழ வேண்டும். அது இல்லையென்றால் கைதட்டல் சேர்த்த ஸ்டுடியோ ஆல்பம், அவ்வளவுதான்.

தாளக்கட்டு:

அளவுகோல் சரி. ஆனால் அதை வைத்து அளந்தால் முதலிடம் டீப் பர்ப்பிளுக்குத்தான் போகும். 'மேட் இன் ஜப்பான்', 1972 ஆகஸ்ட், ஒசாகாவில் இரண்டு இரவு, டோக்கியோ புடோகானில் ஓர் இரவு.

'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' கேளுங்கள். ரிச்சி பிளாக்மோர் கிட்டாரில் ஒரு துணுக்கு வாசிப்பார், இயன் கில்லன் அதை அப்படியே தொண்டையில் திருப்பிக் கொடுப்பார். அடுத்தது கொஞ்சம் கடினம், அதற்கடுத்தது இன்னும் வம்பு. இவர் மாட்டிவிடப் பார்க்கிறார், அவர் மாட்டாமல் தப்பிக்கிறார். கடைசியில் கில்லன் விடும் கூச்சல் முடிந்து பாட்டுக்குள் திரும்பி விழும்போது கூட்டம் கத்துவதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை, குழுவுக்கு இந்த ஆல்பத்தில் பெரிய ஆர்வமே கிடையாது. ஜப்பானியக் கம்பெனி கேட்டது, ஜப்பானில் மட்டும் விற்கத்தான் போட்டார்கள். மிக்ஸ் செய்யும்போது குழுவில் ரோஜர் குளோவரும் இயன் பேஸும் மட்டும்தான் பக்கத்தில் இருந்தார்கள். பதிவு செய்தவர் மார்ட்டின் பிர்ச். பின்னாளில் அயர்ன் மெய்டனின் 'லைவ் ஆஃப்டர் டெத்' ஆல்பத்துக்கும் அவர்தான்.

ஆல்மன் பிரதர்ஸ் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வாசிக்கிறார்கள். இதில் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு வாசிக்கிறார்கள். ராக் என்றால் எனக்கு இரண்டாவதுதான்.

சுருள்நாடா:

ஓவர்டப், அதாவது மேடைப் பதிவின் மேல் பிறகு ஸ்டுடியோவில் வாசித்தோ பாடியோ ஒட்டுவது. அந்தப் பேச்சை யாராவது எடுப்பீர்கள் என்று பார்த்தேன். சரி, நானே எடுக்கிறேன்.

கிஸ் குழுவின் 'அலைவ்!' 1975இல் வந்து அவர்களையும், மூழ்கிக்கொண்டிருந்த கம்பெனியையும் சேர்த்துக் கரையேற்றியது. அதில் ஸ்டுடியோவில் திருத்தியது ஏராளம் என்பது இப்போது ரகசியமே இல்லை. தின் லிஸ்ஸியின் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' (1978) பற்றித் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி முக்கால்வாசி ஸ்டுடியோவில் செய்தது என்கிறார், குழுவினர் கொஞ்சம்தான் என்கிறார்கள். அந்தச் சண்டை முடியவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸின் 'கெட் யெர் யா-யாஸ் அவுட்!' ஆல்பத்தில் பாடகர் மிக் ஜாகர் பல பாடல்களை ஸ்டுடியோவில் திரும்பப் பாடினார். கிரேட்ஃபுல் டெட் மேடையிலேயே வாழ்ந்த குழு. அவர்களின் 'யூரோப் 72'வில்கூடக் குரல்கள் ஊர் திரும்பிய பிறகு பதிந்தவை.

எப்படிக் கண்டுபிடிப்பது? மேடையில் பாடகரின் மைக்கில் பாட்டு மட்டும் விழாது. பின்னாலிருக்கும் ட்ரம்ஸின் சிம்பல், பக்கத்து ஆம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கி), கூட்டம் எல்லாமே கசியும். அதே மாதிரி அவர் குரலும் மேடை மானிட்டர் ஸ்பீக்கர் வழியாக ட்ரம்ஸ் மைக்குகளில் கசிந்திருக்கும். ஸ்டுடியோவில் திரும்பப் பாடி ஒட்டினால் முன் மைக்கின் கசிவு போய்விடும், ட்ரம்ஸ் மைக்கில் பழைய குரல் ஆவி மாதிரித் தங்கிவிடும். ஹெட்ஃபோனில் கேளுங்கள். பாடகர் வரியை முடிக்கும் இடத்தில் சிம்பலின் ஒலி கொஞ்சமும் மாறவில்லையென்றால், அல்லது முக்கியக் குரலுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி இன்னொரு மங்கலான குரல் கேட்டால், சந்தேகப்படலாம்.

இப்படி ஒட்டுப்போட்டதையெல்லாம் லைவ் என்று வரிசையில் நிறுத்துவது நியாயமா?

ஊசிமுனை:

சுருள்நாடா அண்ணே, கசிவு விளக்கம் பிரமாதம். ஆனால் முடிவு வேறு மாதிரிதான் வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

கசிவு இருப்பதால்தான் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. பாடகரின் குரலை மாற்றலாம், ஒரு கிட்டாரை மாற்றலாம். ட்ரம்ஸ் எல்லா மைக்கிலும் இருக்கிறது, அதைத் தொட்டால் மொத்தமும் போச்சு. ஆகவே ட்ரம்மர் அன்றைக்கு எப்படி ஓட்டினாரோ அப்படித்தான் ஆல்பம் ஓடும். 'யா-யாஸ்' ஆல்பத்தில் ஜாகரின் குரல் எங்கிருந்து வந்தால் என்ன, ட்ரம்மர் சார்லி வாட்ஸ் 1969 நவம்பரில் மாடிசன் ஸ்கொயர் கார்டனில்தான் உட்கார்ந்திருக்கிறார். 'மிட்நைட் ராம்ப்ளர்' வேகம் குறைந்து, நின்று, மறுபடி பிடித்து எழும் இடத்தை எந்த ஸ்டுடியோவிலும் ஒட்ட முடியாது. அது நாலு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு செய்தது.

கீழ்ஸ்தாயி:

இவ்வளவு நேரம் 'லைவ் அட் லீட்ஸ்' பெயரை யாரும் எடுக்காதது ஆச்சரியம். த ஹூ, 1970 பிப்ரவரி 14, லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடம். வாத்தியக்காரர்கள் மூன்றே பேர், ஒரு பாடகர்.

கதை எல்லாருக்கும் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். அதற்கு முந்தைய அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நிகழ்ச்சிகளையெல்லாம் பதிந்து வைத்திருந்தார்கள். மலைபோல் குவிந்த நாடாக்களை உட்கார்ந்து கேட்கப் பொறுமையில்லாமல் எரித்துவிடச் சொன்னதாகப் பீட் டவுன்ஷெண்டே சொல்லியிருக்கிறார். அப்புறம் இரண்டே நிகழ்ச்சிகளை இதற்கென்று வைத்தார்கள், 14ஆம் தேதி லீட்ஸ், மறுநாள் ஹல் நகரம். ஹல் பதிவில் சில பாடல்களில் பாஸ் கிட்டார் விழவே இல்லை, ஆகவே லீட்ஸ். தட்டின் லேபிளில் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும், கரகரப்புச் சத்தம் இருக்கட்டும், திருத்த வேண்டாம் என்று. உறையும் திருட்டுப் பதிப்பு மாதிரிப் பழுப்புக் காகிதத்தில் முத்திரை குத்தியது.

நான் காட்டும் இடம் 'யங் மேன் ப்ளூஸ்'. ரோஜர் டால்ட்ரி ஒரு வரி பாடுகிறார், எல்லாம் நின்றுவிடுகிறது. அடுத்த நொடி மூன்று பேரும் ஒரே அடியாக விழுகிறார்கள். மறுபடி நிசப்தம், மறுபடி வரி. அந்த நிசப்தங்கள் ஒன்றுக்கொன்று சமமானவை அல்ல. யாரும் எண்ணிக்கொண்டு வாசிக்கவில்லை, பார்த்துக்கொண்டு வாசிக்கிறார்கள். நடுவில் பிரியும்போது என்ட்விசிலின் பாஸ் ஒரு காதிலும் டவுன்ஷெண்டின் கிட்டார் மறு காதிலும் இருக்கும். கிட்டார் ஸ்வரம் பிடித்துத் தொங்கும்போதெல்லாம் பாஸ்தான் ஓடி ஓடி இடத்தை நிரப்புகிறது. ட்ரம்மர் கீத் மூன் இரண்டு பேரையும் துரத்துகிறார்.

ஊசிமுனையின் அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமானது இருக்கிறதா?

சுருள்நாடா:

ஹல் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. 2010இல் லீட்ஸின் 40ஆம் ஆண்டுப் பதிப்போடு ஹல் நிகழ்ச்சியையும் வெளியிட்டார்கள். பாஸ் விழாத பாடல்களுக்கு என்ட்விசிலின் லீட்ஸ் பாஸை எடுத்துப் பொருத்தினார்கள். முதல் நாள் வாசித்த பாஸ், மறுநாள் வாசித்த ட்ரம்ஸ். கேட்டால் பொருந்தித்தான் இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள் கீழ்ஸ்தாயி. அந்தப் பாடல்களில் யார் யாரைக் கேட்டு வாசிக்கிறார்கள்?

கீழ்ஸ்தாயி:

நல்ல கிடுக்கிப்பிடி. ஆனால் அது ஹல். நான் பேசுவது லீட்ஸ்.

தாளக்கட்டு:

லீட்ஸ் பேச்சு வந்ததால் ஒரு கேள்வி. 1970இல் வந்த தட்டில் ஆறு பாட்டுதான். 1995இல் கூட்டினார்கள், 2001இல் அன்றைக்கு வாசித்த 'டாமி' ராக் ஆபரா முழுவதையும் சேர்த்து இரண்டு குறுந்தகடு ஆக்கினார்கள். எது சிறந்த லைவ் ஆல்பம், ஆறு பாட்டா, மொத்தமா?

எனக்கு ஆறுதான். 'சப்ஸ்டிட்யூட்' இரண்டு நிமிடத்தில் அடித்துவிட்டுப் போகும், தட்டைத் திருப்பினால் 'மை ஜெனரேஷன்' கால் மணி நேரம் எங்கெங்கோ அலையும். அந்த ஏற்றத்தாழ்வுதான் ஆல்பம். முழு நிகழ்ச்சி ஆவணம். கேட்க வேண்டியதுதான், ஆனால் வேறு விஷயம்.

ஒற்றைக்கம்பி:

எல்லாரும் ஏன் கால் மணி நேரப் பாட்டுகளிலேயே நிற்கிறீர்கள்?

ரமோன்ஸ், 'இட்ஸ் அலைவ்'. 1977 டிசம்பர் 31, லண்டன் ரெயின்போ தியேட்டர். 28 பாட்டு, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பாட்டு முடிந்த கணத்தில் பாஸ் வாசிக்கும் டீ டீ "ஒன் டூ த்ரீ ஃபோர்" என்று கத்துவார், அடுத்தது ஆரம்பம். ஒருவரை ஒருவர் கேட்டு மாற்றிக்கொள்ள அங்கே நேரமே இல்லை. மாற்றவே கூடாது என்பதுதான் அவர்கள் ஒப்பந்தம். ஊசிமுனை அளவுகோல்படி இது லைவ் ஆல்பமே இல்லை. ஆனால் இதைவிட உயிரோடு இருக்கும் தட்டு எனக்குத் தெரியாது.

இன்னொன்று, ஜெர்ரி லீ லூயிஸ், 'லைவ் அட் த ஸ்டார் கிளப், ஹாம்பர்க்', 1964 ஏப்ரல். பின்னால் வாசிப்பது நாஷ்வில் டீன்ஸ் என்ற இங்கிலாந்துக் குழு. அவர்கள் அவரைக் கேட்கிறார்கள், அவர் அவர்களைக் கேட்பதே இல்லை. பியானோவை அடித்து நொறுக்கிக்கொண்டு தன் பாட்டுக்குப் போகிறார், பாவம், பின்னால் மூச்சிரைக்க ஓடி வருகிறார்கள். ஒப்பந்தச் சிக்கலால் அமெரிக்காவில் பல வருடம் வெளியாகாமலே கிடந்தது. கேட்டுவிட்டு வந்து உங்கள் அளவுகோலைப் பேசுங்கள்.

ஊசிமுனை:

ஜெர்ரி லீயைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னதே என் பக்கம்தான். பின்னால் ஓடி வருகிறார்கள் என்றால் கேட்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

ரமோன்ஸுக்கு என்னிடம் பதில் இல்லை.

நள்ளிரவுவண்டி:

ஊர்ப் பெயர்களை நம்ப வேண்டாம் என்று ஓர் எச்சரிக்கை. மோட்டர்ஹெட்டின் 'நோ ஸ்லீப் டில் ஹாமர்ஸ்மித்' 1981இல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. பதிவு லீட்ஸ், நியூகாஸில் பக்கம், ஹாமர்ஸ்மித்தில் ஒரு பாட்டுகூடப் பதியவில்லை. 'ஃபில்மோர் ஈஸ்ட்' உறையில் பெட்டிகள் முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறார்களே, அது நியூயார்க் இல்லை, ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன். பாப் டிலனின் 1966 நிகழ்ச்சி ராயல் ஆல்பர்ட் ஹால் என்ற பெயரிலேயே திருட்டுப் பதிப்பாகச் சுற்றி வந்தது, உண்மையில் மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால், மே 17. 1998இல் முறையாக வெளியிட்டபோதும் அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்தே போட்டார்கள்!

என் ஓட்டு அந்த டிலன் ஆல்பத்துக்குத்தான். இதுவரை குழுவினர் ஒருவரை ஒருவர் கேட்பதைப் பேசினோம். இதில் மேடை கூட்டத்தைக் கேட்கிறது. டிலன் மின்சாரக் கிட்டாரை எடுத்ததைப் பொறுக்காத ஒருவர் "ஜூடாஸ்!" என்று கத்துகிறார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்தான் அது, துரோகி என்பதற்கு அதைவிடக் கடுமையான பெயர் கிடையாது. டிலன் நான் உன்னை நம்பவில்லை என்கிறார், நீ பொய்யன் என்கிறார், குழுவைத் திரும்பிப் பார்த்து சத்தமாக வாசிக்கச் சொல்கிறார். அப்புறம் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்'. முதல் அடியிலேயே தெரியும், இது ஸ்டுடியோவில் பாடிய பாட்டு அல்ல, அந்த ஒரு ஆளுக்குச் சொல்லும் பதில்.

கைதட்டல் கேட்கும் ஆல்பம் ஆயிரம் இருக்கிறது. எதிர்ப்பு கேட்கும் ஆல்பம் எத்தனை?

மழைக்காலவானொலி:

எதிர்ப்பு கேட்கிறது, ஆர்ப்பாட்டம் கேட்கிறது, சரி. நிர்வாணாவின் 'அன்ப்ளக்ட் இன் நியூயார்க்' எங்கே? 1993 நவம்பர் 18 பதிவு, கர்ட் கோபேன் இறந்து சில மாதம் கழித்து 1994 நவம்பரில் ஆல்பமாக வந்தது. 14 பாட்டில் ஆறு மற்றவர்களுடையவை. ஹிட் பாட்டுகளை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு மீட் பப்பெட்ஸ் பாட்டுகளையே மூன்று பாடிக் காட்டினார்கள், அதுவும் அந்தக் குழுவின் சகோதரர்களையே மேடைக்கு அழைத்து.

ஒற்றைக்கம்பி:

முக்காலியில் உட்கார்ந்து மெழுகுவத்தி ஏற்றிப் பாடுவது ராக் லைவ் ஆல்பமா?

மழைக்காலவானொலி:

'த மேன் ஹூ சோல்ட் த வேர்ல்ட்' கேளுங்கள். அக்கூஸ்டிக் கிட்டார்தான், ஆனால் கோபேன் பிடிவாதமாக அதை ஒலியை மாற்றும் பெடல் வழியாக ஆம்புக்கு அனுப்பியிருக்கிறார். 'அன்ப்ளக்ட்', அதாவது மின்சாரம் இல்லாமல், என்ற நிகழ்ச்சிப் பெயருக்குப் பங்கம் வரக்கூடாது என்று ஆம்பைப் பெட்டி வைத்து மறைத்தார்கள். கிட்டார் மெட்டை எடுக்கும்போது அந்தக் கரகரப்பு நன்றாகவே கேட்கும். கடைசிப் பாட்டில் கடைசிச் சரணம் ஒரு ஸ்தாயி மேலே ஏறி, தொண்டை கிழிந்து, முடிவுக்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பார். அதற்குப் பிறகு இன்னொரு பாட்டுக்கு வரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். மார்ஷல் ஆம்ப் அடுக்கு இருந்தால்தான் ராக் என்றால் நீங்கள் கடையில் ஆம்ப் கேளுங்கள், ஆல்பம் எதற்கு?

புதுக்காது:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு சந்தேகம். நீல் யங்கின் 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' மேடையில் பதிந்தது என்று படித்தேன், ஆனால் கேட்டால் கூட்டமே இல்லையே? அப்புறம், இவ்வளவு பெயர் சொல்லிவிட்டீர்கள், எங்கே ஆரம்பிப்பது? நீளப் பாட்டுகளுக்கு என் காது இன்னும் பழகவில்லை.

சுருள்நாடா:

'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' பெரும்பகுதி மேடைப் பதிவுதான், கூட்டத்தின் சத்தத்தை முடிந்தவரை துடைத்துவிட்டு வெளியிட்டார். எல்லாம் புதுப் பாட்டு, ஆகவே யாருக்கும் லைவ் என்றே தோன்றவில்லை. ஜாக்சன் பிரவுனின் 'ரன்னிங் ஆன் எம்ப்டி' (1977) இன்னும் விசித்திரம். அதிலும் எல்லாம் அவர் அதுவரை தட்டில் போடாத பாட்டு. மேடையில் பாதி, மீதி ஒத்திகை அறையிலும் ஓட்டல் அறையிலும் ஓடும் பஸ்ஸிலும் பதிந்தது. இதற்கு நேர் எதிர்க்கோடி வெல்வெட் அண்டர்கிரவுண்டின் 'லைவ் அட் மாக்ஸஸ் கான்சாஸ் சிட்டி'. 1970இல் ஒரு ரசிகை மேசையில் வைத்த கேசட் ரெக்கார்டரில் மோனோவாகப் பதிந்தது. பாட்டுகளுக்கு நடுவே பக்கத்தில் இருப்பவர் மது ஆர்டர் செய்வதுகூடக் கேட்கும். அதில் ஓவர்டப் எங்கே போடுவது? எனக்கு அதுதான் நேர்மையான லைவ் ஆல்பம்.

தாளக்கட்டு:

நேர்மையானது, ஒத்துக்கொள்கிறேன். சிறந்ததா?

சுருள்நாடா:

சிறந்தது என்று நான் சொல்லவில்லையே. எனக்கும் கையை வெட்டுவதாக மிரட்டினால் ஹெண்ட்ரிக்ஸின் 'பேண்ட் ஆஃப் ஜிப்ஸிஸ்' என்பேன். பழைய ஒப்பந்தத் தகராறைத் தீர்க்க ஒரு ஆல்பம் கொடுத்தாக வேண்டிய கட்டாயம், அதற்காகப் பதிந்தது. 1970 புத்தாண்டு அன்று, இதே ஃபில்மோர் ஈஸ்ட். கடன் கழிக்கப் போட்ட தட்டில் 'மெஷின் கன்' இருக்கிறது. பட்டி மைல்ஸின் ஸ்நேர் ட்ரம் துப்பாக்கி மாதிரி வெடிக்க, பில்லி காக்ஸ் ஒரே பாஸ் துணுக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, ஹெண்ட்ரிக்ஸ் தனி வாசிப்பை ஒரே ஸ்வரத்தை நீளப் பிடித்து ஆரம்பிப்பார். அந்த ஒரு ஸ்வரம் போதும்.

ஊசிமுனை:

இதைத்தான் இழையின் முதல் பதிவில் கேட்டேன். ஓவர்டப் பேசியே பாதி நேரத்தைக் கடத்திவிட்டு இப்போது கொண்டு வருகிறார்!

புதுக்காது, உங்களுக்கு: முதலில் 'லைவ் அட் லீட்ஸ்', பழைய ஆறு பாட்டு வரிசையில். பிறகு 'இட்ஸ் அலைவ்'. இரண்டும் காதில் ஏறியதும் 'மேட் இன் ஜப்பான்'. 'ஃபில்மோர் ஈஸ்ட்' கடைசியில் வரட்டும், அதிலும் 'ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்' நாலு நிமிடம்தான், அங்கே நுழையுங்கள். 'விப்பிங் போஸ்ட்' போகும் நாளில் முடிவைக் கவனியுங்கள்; பாட்டு அடங்கியும் டிம்பனி என்ற பெரிய முரசு உருண்டுகொண்டே மங்கும். அங்கே அவர்கள் நிறுத்தவில்லை, அடுத்த பாட்டுக்குள் போய்விட்டார்கள். அது 'மவுண்டன் ஜாம்', அரை மணி நேரத்துக்கு மேல். மறுவருடம் 'ஈட் எ பீச்' ஆல்பத்தில்தான் வந்தது. அதற்குள் ட்வேன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார், வயது 24.

புதுக்காது:

நன்றி. பீட்டர் ஃபிராம்டனை ஒருவரும் சொல்லவில்லையே? 'ஃபிராம்டன் கம்ஸ் அலைவ்' 1976இல் பத்து வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது என்று போட்டிருக்கிறது.

ஒற்றைக்கம்பி:

அதனால்தான்.

தாளக்கட்டு:

அவர் பேச்சைக் கேட்காதீர்கள். டாக் பாக்ஸ் ஒன்றுக்காகவே அதைக் கேட்கலாம். கிட்டார் ஒலி குழாய் வழியாக வாய்க்குள் வரும், வாயை அசைத்தால் அதே மைக்கில் கிட்டார் பேசும். 'டூ யூ ஃபீல் லைக் வீ டூ' நடுவில் கிட்டார் கேள்வி கேட்கும், கூட்டம் பதில் சொல்லும். சிரிப்பு வரத்தான் செய்யும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் அது 14 நிமிடம், நீளம் ஆகாது என்றீர்களே?

நள்ளிரவுவண்டி:

லெட் செப்ளினைப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1976இல் வந்த 'த சாங் ரிமெய்ன்ஸ் த சேம்' சுமார், 2003இல் வந்த 'ஹவ் த வெஸ்ட் வாஸ் வன்' பிரமாதம். ஆனால் இரண்டாவதை ஜிம்மி பேஜ் 1972 ஜூனில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை வெட்டி ஒட்டித்தான் செய்தார். சுருள்நாடா மறுபடி ஆரம்பிப்பாரோ என்று பயமாக இருக்கிறது.

சுருள்நாடா:

ஆரம்பிப்பேன். ஆனால் இங்கே இல்லை, தனி இழை திறக்கிறேன். உங்கள் வீட்டிலிருக்கும் பழைய தட்டுகளில் வெட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று நிமிடம், நொடியோடு கொண்டு வாருங்கள்.